மச்சானுக்கு ஒரு தேதி உண்டு

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் முதலில் விழுகிற கேள்வி, "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, சபையா?" என்பதுதான். ஆர்.சி. என்றால் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்றால் புரோட்டஸ்டன்ட் மரபில் வந்த தென்னிந்தியத் திருச்சபை, சபை என்றால் பெந்தகொஸ்தே. சொந்தப் படகா, பங்குப் படகா, கடன் எவ்வளவு, நகை எத்தனை சவரன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. மார்ட்டின் லூத்தர் யார் என்றே தெரியாத கிழவிகூட, சபைக்காரர் வீட்டில் பெண் எடுத்தால் நாளைக்குத் தன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற ஆள் இருக்காது என்பதைச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பாள். இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமா, செயலாலுமா என்று ஐரோப்பாவில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லூத்தர் என்ற ஜெர்மன் துறவிக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மூண்ட சண்டையில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பங்கு அந்த மெழுகுவத்திதான்.

பாக் விரிகுடாப் பக்கம் காரங்காடு, மன்னார் வளைகுடாப் பக்கம் மூக்கையூர், நடுவே பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று ராமநாதபுரம் கடலோரத்தில் மீன்பிடிக்கும் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். சி.எஸ்.ஐ. மக்களை ராமநாதபுரம் நகரத்தில் பார்க்கலாம். அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி அவர்களுடையது. 1798இல் தஞ்சாவூரில் இறந்த ஒரு லுத்தரன் மிஷனரியின் பெயர் அந்தப் பள்ளிக்கு. கத்தோலிக்கருக்கும் சி.எஸ்.ஐ.க்கும் இடையே இன்றைக்குப் பெரிய சண்டை எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்து போகிறது. சண்டை எல்லாம் கடந்த ஒரு தலைமுறைக்குள் கீற்றுக் கொட்டகையிலும் வாடகை மாடியிலும் முளைத்த பெந்தகொஸ்தே சபைகளோடுதான்.

என் அக்காளைக் கட்டிய மச்சான் அப்படிப்பட்ட ஒரு சபையில் இருக்கிறார். பிறந்தது எங்களைப் போலவே கத்தோலிக்க வீட்டில். சிறு வயதில் சந்தியாகப்பர் திருவிழாவில் சப்பரம் தூக்கிய தோள்தான் அவருடையது. ஒரு காலத்தில் குடி. பிறகு ஒரு ஜெபக் கூட்டம், கண்ணீர், கடலில் முழுக்கு ஞானஸ்நானம். வேதாகமத்தின் முதல் தாளில் நீல மையால் ஒரு தேதி எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார். அது அவர் இரட்சிக்கப்பட்ட நாள். அதற்குப் பின் அவர் சாராயத்தைத் தொட்டதில்லை என்பதற்கு என் அக்காளே சாட்சி. நான் எங்கள் கோயில் பங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவன். எனக்குத் தேதி கிடையாது. "மாப்பிள்ளை, நீ எப்போது இரட்சிக்கப்பட்டாய்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், பிறந்த எட்டாம் நாள் கோயில் தொட்டியில் தண்ணீர் ஊற்றியதைச் சொல்வதா, சென்ற வாரம் சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்ததைச் சொல்வதா, இன்னும் வழியில்தான் இருக்கிறேன் என்று சொல்வதா என்று விழிப்பேன். கத்தோலிக்கப் போதனைப்படி மூன்றுமே சரியான விடை. அதுதான் மச்சானுக்குக் கோபமூட்டுகிறது.

எங்கள் வாக்குவாதத்துக்கு வசதியான காலம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வாய் சும்மா இருக்காது. கட்டைவிரல் நகத்தில் நூலை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே அவர் வேதாகமத்தின் எபேசியர் நிருபத்தைச் சொல்வார்: கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல. நான் அடுத்த வசனங்களையும் படியுங்கள், நற்கிரியைகளைச் செய்வதற்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பத்தாம் வசனம் சொல்கிறதே என்பேன். அவர் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் கொண்டுவருவார்: அவன் என்ன நற்கிரியை செய்தான், எந்தப் பூசைக்குப் போனான்? நான் மத்தேயு இருபத்தைந்தைக் கொண்டுவருவேன்: கடைசித் தீர்ப்பில் நீ எந்த நாளில் என்னை ஏற்றுக்கொண்டாய் என்ற கேள்வியே இல்லை, பசித்தபோது சோறு போட்டாயா என்பதுதான் கேள்வி. வலை முடிகிற வரைக்கும் இப்படியே போகும்.

ஒருநாள் அவர் கடலையே உவமையாக எடுத்தார். "தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குப் படகிலிருந்து கயிறு வீசுகிறார்கள். பிடித்துக்கொண்டால் பிழைத்தான். பிடிப்பதுதான் விசுவாசம். பிடித்தவன் நான் நீந்திக் கரையேறினேன் என்று மார்தட்ட முடியுமா?" பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமல் சொன்னார்: "முழுகுகிறவன் கயிற்றை எங்கே பிடிக்கிறான்? எதிரே போனால் நம்மையும் சேர்த்து அமுக்கிவிடுவான். பின்பக்கமாகப் போய் முடியைப் பிடித்து இழுத்துத்தான் போட வேண்டும்." அவர் வேதம் பேசவில்லை, தொழில் பேசினார். ஆனால் எனக்கு அதில் கத்தோலிக்கர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதன் நியாயம் முழுக்கத் தெரிந்தது: பிடிக்கவே தெம்பில்லாதவனை அருள் முந்திப் போய்ப் பிடிக்கிறது. மச்சான் விடவில்லை. "அப்படியானால் இன்னும் நல்லது, அவன் பங்கு சுத்தமாக ஒன்றுமில்லை என்றல்லவா ஆகிறது? அதைத்தான் நாங்கள் சொல்கிறோம்." உண்மையில் அவர் சொன்னது லூத்தர் சொன்னதற்கு மிக அருகில் இருந்தது. கயிற்றைப் பிடிக்கிற கையைக்கூட லூத்தர் மனிதனுடைய சாதனையாகக் கணக்கில் வைக்க மாட்டார்.

சரி, மூழ்கியவனைப் படகில் தூக்கிப் போட்டாயிற்று. அதற்குப் பிறகு என்ன என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. கடவுள் கிறிஸ்துவின் நீதியைப் பாவியின் கணக்கில் வைத்து, இவன் நீதிமான் என்று தீர்ப்புச் சொல்கிறார், வாழ்க்கை பரிசுத்தமாவது அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வருகிற கனி என்பது லூத்தர் வழிவந்த சீர்திருத்தத் தரப்பு. தீர்ப்பும் திருந்துதலும் ஒரே செயலின் இரு பக்கம், கடவுள் ஒருவனை நீதிமான் என்று அழைக்கும்போதே உள்ளுக்குள் அவனை நீதிமானாக ஆக்கவும் செய்கிறார், அது வளரும், சாவான பாவத்தால் போய்விடவும் செய்யும், பாவசங்கீர்த்தனம் என்கிற ஒப்புரவால் திரும்பக் கிடைக்கும் என்பது கத்தோலிக்கத் தரப்பு. அப்படித் திரும்பக் கிடைப்பதை, கப்பல் உடைந்தபின் பற்றிக்கொள்ளும் இரண்டாவது பலகை என்று பழைய சபைத் தந்தையர் வழக்கைப் பின்பற்றி, லூத்தர் தரப்புக்கு மறுமொழியாகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய ட்ரெண்ட் பொதுச்சங்கம் எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சொற்றொடரை முதன்முதலில் படித்தபோது, மலைநாட்டு நகரம் ஒன்றில் கூடிய ஆயர்களுக்குள் ஒரு கடற்கரைக்காரனும் இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது.

ட்ரெண்டைப் பற்றி மச்சானுடைய பாஸ்டர் பிரசங்கத்தில் ஒருமுறை சொன்னாராம்: கத்தோலிக்கர்கள் கிரியையினால் மோட்சம் போகலாம் என்று சட்டம் போட்டவர்கள் என்று. இந்தக் குற்றச்சாட்டை எங்கள் பங்கிலும் பலர் உண்மை என்றே நம்பிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய வேடிக்கை. 1547 ஜனவரி 13 அன்று ஆறாம் அமர்வில் அந்தச் சங்கம் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு 33 விதிகள் உண்டு. முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள்முன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைச் சபைக்குப் புறம்பாக்குகிறது. விசுவாசமானாலும் சரி, செயல்களானாலும் சரி, அதற்கு முன் செய்த எதுவும் அந்த அருளைச் சம்பாதிக்காது என்று எட்டாம் அதிகாரம் சொல்கிறது. விசுவாசம் மட்டும் போதும், மனிதனுடைய சம்மதமோ ஒத்துழைப்போ வேண்டியதில்லை என்று அதற்குப் பொருள் சொல்கிறவர்களைத்தான் ஒன்பதாம் விதி வெட்டுகிறது. வெட்டினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டியது மச்சான் நினைக்கிற இடத்தில் அல்ல.

அந்தத் தீர்மானம் வந்து இரண்டு ஆண்டில், 1549இல், எங்கள் வேதாளையில் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் இத்தாலியக் குரு அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். சேசு சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட முதல் மறைசாட்சி என்று அவரைச் சொல்வார்கள். ராமேசுவரம் போகிற யாத்திரிகர்களிடம் போர்த்துக்கீசியர் வரி வசூலித்ததில் மூண்ட சண்டையில் அவர் மாட்டிக்கொண்டார். கரையில் இருந்த கிறிஸ்தவப் பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டுத் தான் நின்றுவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. மண்டபம் போகிற பஸ்ஸில் வேதாளையைத் தாண்டும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். ட்ரெண்டில் ஆயர்கள் அருளையும் செயலையும் மயிர்பிளந்து விவாதித்து முடித்த அதே காலத்தில், அந்த விவாதத்தின் ஒரு வரியும் எட்டியிராத இந்த மணலில் ஒருவர் படகில் ஏறாமல் நின்றிருக்கிறார். இன்று அங்கே இறங்கிப் பார்க்கிறவர் குறைவு.

அதைவிடப் பெரிய பெயர் ஓரியூர். அருளானந்தர் என்று நாங்கள் அழைக்கும் போர்த்துக்கீசிய சேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டார். ரத்தம் சிந்திய மண் சிவந்தது என்று நம்பி, இன்றைக்கும் அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துவருகிறார்கள். எங்கள் வீட்டுப் பீரோவிலும் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு நெற்றியில் பூசுவது அம்மாவின் வழக்கம், டோலோ மாத்திரை தனி. கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது தடியத் தேவர் கதை. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி வம்சத்தைச் சேர்ந்த அவர் நோயில் கிடந்தார். வைத்தியர்கள் கைவிட்டபின் உபதேசியார் ஒருவர் சுவிசேஷம் வாசித்து ஜெபிக்க, குணமானார். ஞானஸ்நானம் கேட்டார். முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினால்தான் கொடுப்பேன் என்றார் அருளானந்தர். விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அப்போதைய மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அதற்கப்புறம் நடந்ததை ஓரியூர் மண் சொல்லும்.

இந்தக் கதையை வைத்து நானும் மச்சானும் ஒரு முழு மாலை மோதியிருக்கிறோம். "பார்த்தீர்களா, செயல் இல்லாமல் ஞானஸ்நானமே கிடையாது என்றிருக்கிறார்" என்றேன். அவர் உடனே, "சுகம் முதலில் வந்ததா, மனைவிமார் போனது முதலில் வந்ததா? சுகம் சும்மா கிடைத்தது. அந்த விசுவாசத்தில்தான் மற்றதைச் செய்தான். எங்கள் சபையிலும் அப்படித்தான்" என்றார். கத்தோலிக்கப் புனிதரை அவர் தன் கட்சியில் சேர்த்துக்கொண்ட வேகம் எனக்குப் பிடித்திருந்தது. என் அக்காள் அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்குச் சோறு யார் போட்டார்கள்?" எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. நான் கேட்ட எந்த ஓரியூர்ப் பிரசங்கத்திலும் அந்தக் கேள்வி வந்ததில்லை.

தமிழில் இந்தச் சண்டை புதிதும் இல்லை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சில பத்தாண்டுகளுக்குள் வீரமாமுனிவர் லுத்தரன்களுக்கு எதிராகத் தமிழ் உரைநடையில் நூல்களே எழுதினார். வேத விளக்கம், பேதகமறுத்தல் என்பவை அவற்றில் சில. தேம்பாவணி எழுதிய அதே கை என்று நம்ப முடியாத அளவுக்கு அந்தக் காலத்துச் சமயக் கண்டனங்களில் காரம் இருந்தது. தரங்கம்பாடிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நம் உரைநடைக்கு அந்தச் சண்டையால் லாபம்தான். இரட்சிப்புக்கு லாபமா என்பது வேறு.

இப்போது பேச வேண்டியது 1999. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று, லூத்தர் தன் தொண்ணூற்றைந்து கருத்துகளை வெளியிட்ட நாளாகக் கொண்டாடப்படும் அதே தேதியில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதன் சாரம்: நம்மிடம் உள்ள எந்தத் தகுதியையும் முன்னிட்டு அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், தூய ஆவி நம் இதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு நம்மை அழைக்கிறார். இதை இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட கண்டனங்கள் இந்த அறிக்கையில் சொல்லப்பட்ட போதனையைத் தொடாது என்றும் சொல்லிவிட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள், 2016இல் ஆங்கிலிக்கன்கள் வரவேற்றார்கள், 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் வந்து சேர்ந்தது. சி.எஸ்.ஐ.க்கு இந்தக் குடும்பங்கள் எல்லாவற்றோடும் உறவு உண்டு. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. கையெழுத்துக்கு முன்பே ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புரோட்டஸ்டன்ட் இறையியல் பேராசிரியர்கள் கூடாது என்று எழுதினார்கள். அமெரிக்காவின் மிசௌரி சினாடு லுத்தரன்கள் இன்றுவரை ஏற்கவில்லை. ஒரே நேரத்தில் ஒருவன் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்ற லூத்தரின் கூற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் இழுபறி தீரவில்லை.

ஆனால் இந்த அறிக்கை எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. மறைக்கல்வி ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வரி வராது. மச்சானுடைய சபையோ எந்த உலகக் கூட்டமைப்பிலும் இல்லாத தனிச் சபை. ஆக்ஸ்பர்க்கில் யார் எதில் கையெழுத்துப் போட்டாலும் அவர்களைக் கட்டாது. சமாதானம் செய்துகொண்டவர்கள் ராமநாதபுரம் நகரத்தில் கேக் பரிமாறிக்கொள்கிறவர்கள். சண்டை போடுகிறவர்களுக்குச் சமாதானம் ஆனதே தெரியாது.

இதைவிட எனக்கு விசித்திரமாகப் படுவது, கரையில் இரு தரப்பும் எதிர்த்தரப்பின் கொள்கைப்படி வாழ்வது. கிரியை வேண்டும் என்று சொல்கிற எங்கள் ஆட்கள் ஆண்டு முழுதும் பூசைப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு அனுமதி கிடைத்ததும் முதல் படகில் நிற்பார்கள். எல்லாம் அந்தோணியார் பார்த்துக்கொள்வார். இதைக் கலப்பில்லாத கிருபைவாதம் என்றே சொல்ல வேண்டும். விசுவாசம் மட்டும் என்கிற மச்சான் வீட்டிலோ தாலிச் சங்கிலி கழற்றியாயிற்று, பூ கிடையாது, பொட்டு கிடையாது, டி.வி. கிடையாது, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், வருமானத்தில் தசமபாகம். என் அக்காள் மகள் கல்லூரி விழாவுக்குக் கம்மல் போட்டுப் போனது சபையில் விசாரணைக்கு வந்தது. "இது இரட்சிப்புக்காக இல்லை, இரட்சிக்கப்பட்டவர்களின் அடையாளம்" என்பார் மச்சான். அடையாளம் காதிலிருந்து போய்விட்டால் ஆளையே சந்தேகப்படுகிறார்களே, பிறகு அதற்குப் பெயர் என்ன?

எங்கள் பக்கத்து அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். நேர்ச்சை என்ற பெயரில் நடப்பதில் பாதி பேரம். இந்தத் தடவை இறால் பட்டால் வெள்ளியில் படகு செய்து வைக்கிறேன், பட்டா கிடைத்தால் பிள்ளைக்கு மொட்டை. படவில்லை என்றால் அடுத்த புனிதர். நன்றிக்காகச் செய்கிற நேர்ச்சையை நான் மதிக்கிறேன். முன்பணம் கட்டுகிற நேர்ச்சையைக் கண்டால் லூத்தர் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம் என்றே தோன்றும். ஒரு நல்ல பங்குச்சாமி இதைப் பிரசங்கத்தில் கண்டித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்டியல் குறைந்தது என்று கோயில் கமிட்டியில் முணுமுணுத்தார்கள்.

தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் என்கிற யாக்கோபின் கோயில் இருக்கிறது, மூக்கையூரிலும் இருக்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதிய யாக்கோபு இவர்தானே, எங்கள் கரைக்கே அவர் காவல் என்று எங்கள் பக்கத்து இளைஞர்கள் மார்தட்டுவதுண்டு. அது வேறு யாக்கோபு. குதிரைமேல் இருக்கும் எங்கள் சந்தியாகப்பர் செபதேயுவின் மகன், அந்தக் கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே ஏரோதால் கொல்லப்பட்டவர் என்பதே பொதுவான கருத்து. கடிதத்தை ஆண்டவரின் சகோதரர் எனப்படும் யாக்கோபின் பெயரில் சொல்வது மரபு. லூத்தருக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அதை வைக்கோல் என்றார். ஆனாலும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. மச்சானுக்கு அந்தக் கடிதத்தில் பிரச்சினையே இல்லை, பாதியை மனப்பாடமாகச் சொல்வார்.

அவருக்கும் எனக்கும் உண்மையிலேயே ஒத்துவராதது இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்தத் தேதி. இரட்சிப்பின் நிச்சயம் இல்லாதவன் எப்படித் தூங்குகிறான் என்பது அவர் கேள்வி. கடைசிவரை நிலைத்திருப்பேன் என்பதைக் கடவுளுடைய தனி வெளிப்பாடு இல்லாமல் எவனும் பிழையற்ற உறுதியோடு சொல்ல முடியாது என்பது ட்ரெண்ட். 1431இல் திருச்சபை விசாரணையில், பிரான்சுக்காகப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கிடம் நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா என்று சிக்க வைக்கும் கேள்வி கேட்டார்கள். இருக்கிறேன் என்றால் அகந்தை, இல்லை என்றால் ஒப்புதல் வாக்குமூலம். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக என்றாள் அந்தப் பெண். எழுத்து வாசனை அறியாத பத்தொன்பது வயதுப் பெண் சொன்னதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறது. எனக்குத் தூக்கம் வர இது போதும். மச்சானுக்குப் போதாது. ஆனால் அவருடைய சபையில் பின்மாற்றக்காரர் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. தேதி எழுதி வைத்திருந்தவர்கள்தான் அவர்களும். மறுபடி குடித்ததும் "அவன் இரட்சிப்பை இழந்துவிட்டான்" என்கிறார்கள். இழக்கக்கூடிய ஒன்றை நிச்சயம் என்பது எப்படி என்று கேட்டால், மச்சான் வலையைத் தூக்கி உதறுவார்.

இரண்டாவது விஷயம் செத்தவர்கள். எங்கள் தாத்தா கடலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயரில் ஒரு சிலுவை நிற்கிறது, அதன் கீழே ஒன்றும் கிடையாது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் போனவர்களுக்கும் இந்தக் கரையில் அப்படிச் சிலுவைகள் உண்டு. அவர்கள் கடைசிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, நோயில்பூசுதல் பெறவில்லை, பெரும்பாலோருக்கு மச்சானுடைய பொருளில் ஒரு தேதியும் இருந்திருக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நாங்கள் அவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பூசைக்குக் கொடுக்கிறோம். மச்சான் எபிரெயர் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறப்பார்: ஒரேதரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு. நடுவில் ஜெபத்துக்கு என்ன வேலை? நான் மக்கபேயர் இரண்டாம் நூல் பன்னிரண்டாம் அதிகாரம் என்பேன், போரில் இறந்தவர்களுக்காக யூதா என்ற படைத்தலைவர் காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பிய இடம். அவருடைய வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது. விவாதம் அங்கே சுவரில் முட்டிக்கொள்ளும்.

இதில் நான் அசையப்போவதில்லை. கரையில் நின்று பார்த்தால், விசுவாசம் மட்டுமா, செயலுமா என்பதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களின் வழக்கு. திரும்பி வராதவர்களுக்காக ஏதாவது கேட்கலாமா, கூடாதா என்பதுதான் வீடுகளைப் பிரிக்கிறது. எல்லாம் அருள்தான் என்றால், அந்த அருளிடம் ஒரு செத்தவனுக்காகக் கை நீட்டுவது மட்டும் ஏன் குற்றமாக வேண்டும்? அவன் தகுதியைச் சொல்லியா நீட்டுகிறோம்? அவனுக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துதானே நீட்டுகிறோம். மச்சான் இதற்குப் பதில் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு தாத்தாவின் சிலுவைக்கு வெள்ளை அடிக்க வருகிறவர் அவர்தான். பெயர் எழுத்துகளுக்குள் கறுப்பு மை தீட்டுவதில் அவர் கை சுத்தம். சாமியார் மந்திரிக்க வருவதற்குள் போய்விடுவார்.

அவர் பக்கம் நான் சாய்கிற இடமும் ஒன்று இருக்கிறது. 2025 யூபிலி ஆண்டுக்காகப் பரிபூரண பலன், அதாவது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் மிச்சமிருக்கும் தண்டனை முழுவதையும் நீக்கும் சலுகை, அறிவிக்கப்பட்டது. குறித்த திருத்தலத்துக்கு யாத்திரை, பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துகளுக்காக ஜெபம், பாவத்தின்மேல் எந்தப் பற்றும் இல்லாத மனம். பெற்ற பலனை, செத்தபின் மோட்சத்துக்கு முன் தூய்மையாகிற இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்கும் ஒப்புக்கொடுக்கலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான்தான் இதை விளக்கினேன். அக்காள் மகன் வழியாக மச்சான் காதுக்குப் போய்விட்டது. வந்தவர் கோபப்படவில்லை, சந்தேகம் கேட்கிற தொனியில் கேட்டார்: "போப்பாண்டவருக்கு அவ்வளவு இருக்கிறது என்றால், அன்புக்காக ஒரே நாளில் அத்தனை பேரையும் விடுவித்துவிடலாமே? ஏன் ஒவ்வொருவராக?" லூத்தரின் 1517ஆம் ஆண்டுக் கருத்துகளில் எண்பத்திரண்டாவது ஏறக்குறைய இதே கேள்விதான். மச்சான் அதைப் படித்தவர் அல்லர். சொந்தமாகவே அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

பணத்துக்குப் பலன் கொடுப்பதை 1567இலேயே ஐந்தாம் பயஸ் ரத்து செய்துவிட்டார் என்றேன். பணத்தைப் பற்றி நான் கேட்கவில்லையே என்றார். செத்தவர்கள்மேல் திருச்சபைக்கு அதிகாரம் கிடையாது, மன்றாட்டாக ஒப்புக்கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றேன். "மன்றாட்டுதான் என்றால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, மாப்பிள்ளை. மன்றாட்டுக்கு எதற்கு முழுசு, அரைகுறை என்று அளவு?" என்றார். அளவு என்று சொன்னால் கணக்கு வருகிறது, கணக்கு வந்தால் எங்கள் நேர்ச்சைப் பேரம் பின்னாலேயே வந்துவிடுகிறது என்பது எனக்கும் தெரியும். தாத்தா பெயருக்கு வழக்கம்போல் பூசை எழுதினேன். பலனுக்காக யாத்திரை போகிற பஸ்ஸில் பங்கிலிருந்து இடம் பிடித்து வைத்திருந்தார்கள், அம்மாவை மட்டும் அனுப்பினேன்.